ரூப்நாராயண் கரையில் சரத் சந்திரர் இல்லம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுச் சங்கச் சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று செயற்குழு கூடிப் பேசியபோது, கடலைப் பார்க்கத் திகாவுக்குப் போகலாம் என்றனர் சிலர். மாயாப்பூருக்குப் போனால் புண்ணியமும் உண்டு, சாப்பாடும் உண்டு என்றனர் வேறு சிலர். தேவுல்டி என்று நாங்கள் சொன்னதும், "அப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டவர்களே மிகுதி. அவ்வூரை நாம் அறியாவிட்டாலும் நம்மை அவ்வூர் நன்கு அறியும். ஹௌராவிலோ ஷாலிமாரிலோ வண்டியேறிச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் நாம் அதன் பிளாட்பாரத்தைக் கடந்துதான் போகிறோம். வண்டி அங்கே நிற்பதில்லை. சற்று நேரத்தில் கோலாகாட் பாலம் வந்து சத்தம் மாறும். குழந்தைகள் ஆற்றைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடுவார்கள். அந்த ஆறுதான் ரூப்நாராயண். அதன் இக்கரையில், ஹௌராவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருப்பது தேவுல்டி.

அந்த ஸ்டேஷனிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் சாம்தாபேர் என்னும் சிற்றூர் இருக்கிறது. நாவலாசிரியர் சரத் சந்திர சட்டோபாத்யாயர் தம் பிற்காலத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த வீடு அங்கே நினைவு இல்லமாக விளங்குகிறது. நாங்கள் முப்பது பேர் கட்டுச்சாதத்துடன் அங்கே போய் வந்த விவரத்தை இவ்விழாவில் கூறும்படி செயலாளர் அவர்கள் பணித்திருக்கிறார்கள்.

லோக்கல் வண்டியில்தான் போகவேண்டும். எக்ஸ்பிரஸில் போகிறவருக்கு ஹௌரா ஜில்லா முழுவதும் ஒரே பச்சை நிறமாக ஓடி மறைந்துவிடும். லோக்கலில் அது ஆந்துல், பாவுரியா, செங்கயில், உலுபேரியா, பாக்னான் என்று பெயர் பெயராகப் பிரிந்து வருகிறது. பாவுரியாவும் செங்கயிலும் பழைய சணல் ஆலை ஊர்கள். ஹுக்ளி நதிக்கரை ஆலைகளில் பீகாரிகளும் ஒரியர்களும் மட்டுமல்லாமல், நம் தெற்கிலிருந்து வந்த தெலுங்கரும் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள். செங்கயிலில் வண்டி நின்றபோது எங்களுடன் வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "கபூர் ராத்திரியோடு ராத்திரியாகப் புறப்பட்டது இந்த மாதிரி ஓர் ஆலைக்குத்தான்" என்றாள். யார் கபூர் என்று பெரியவர்கள் கேட்டார்கள். அதன் பிறகு பாக்னான் வரும்வரை அவள்தான் பேசினாள்.

'மகேஷ்' என்னும் சரத் சந்திரரின் சிறுகதையை அவள் பள்ளியில் வங்காளத்திலேயே படித்திருக்கிறாள். கபூர் ஓர் ஏழை முஸ்லிம் குடியானவன். தன் கிழ எருதுக்கு மகேஷ் என்று சிவபெருமான் பெயரையே வைத்திருக்கிறான். மழை பொய்த்த கோடை. மாட்டுக்கு வைக்கோல் இல்லை, மகள் ஆமினாவுக்குச் சோறில்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. ஜமீன்தாரின் அடியும் வசவும் வாங்கிவந்த ஆத்திரத்தில், உயிராய் வளர்த்த எருதைத் தானே அடித்துக் கொன்றுவிடுகிறான். பெண் பிள்ளைக்கு மானம் நிற்காத இடம் என்று எந்தச் சணல் ஆலையை வேண்டாமென்று சொல்லி வந்தானோ அந்த ஆலைக்கே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் கிளம்புகிறான். சோற்றுத் தட்டையும் தண்ணீர்ச் செம்பையும் மகள் எடுத்துக்கொள்ளப் போக, அவை மகேஷைக் கொன்ற பாவத்துக்குப் பிராயச்சித்தமாக இங்கேயே இருக்கட்டும் என்று தடுத்துவிடுகிறான். அவள் இதைச் சொல்லி முடித்தபோது எதிர்ப் பெஞ்சியில் இருந்த வங்காளப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தமிழில் சொல்லப்பட்ட கதை அவருக்கு எப்படி விளங்கியது என்று வியந்தோம். கபூர், ஆமினா, மகேஷ் என்னும் மூன்று பெயர்களே அவருக்குப் போதுமாயிருந்தன போலும்.

தேவுல்டியில் இறங்கினால் பாட்டரி வண்டிகள் காத்திருக்கின்றன. நெடுஞ்சாலையைக் கடந்ததும் நெல் வயலும் குளமும் வாழையுமாக நம் தஞ்சை ஜில்லாவின் ஒரு மூலைக்கு வந்துவிட்டது போன்ற மயக்கம் உண்டாகிறது. வீட்டு வாசலில் நின்றதும் அம்மயக்கம் தெளிந்துவிடும். ஏனென்றால் அந்த வீடு வங்காள வீடு போலவும் இல்லை, நம் ஊர் வீடு போலவும் இல்லை. இரண்டு மாடி, சரிந்த ஓட்டுக் கூரை, சுற்றிலும் தாழ்வாரம் என்று பர்மியப் பாணியில் கட்டப்பட்ட வீடு அது.

பர்மா எப்படி இங்கே வந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இவ்வாசிரியர் வரலாற்றில் மிகப் பிடித்த பகுதியும் அதுதான்.

சரத் சந்திரர் 1876 செப்டம்பர் 15-ஆம் தேதி ஹுக்ளி ஜில்லா தேவானந்தபூரில் பிறந்தார். வறுமை மிகுந்த குடும்பம். தாய்மாமன் வீடிருந்த பாகல்பூரில் வளர்ந்தார். 1894-இல் எண்ட்ரன்ஸ் பரீட்சை தேறினார். அதற்கு மேல் எஃப். ஏ. பரீட்சைக்குக் கட்டப் பணமில்லை. ஆகவே நம் ஆபீஸ் கணக்குப்படி அவரும் ஒரு மெட்ரிகுலேட்தான். 1903-இல் பிழைப்புத் தேடிக் கப்பலேறி ரங்கூன் போனார். பர்மா ரயில்வேயின் தணிக்கை ஆபீஸில் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. பிறகு பொதுமராமத்துக் கணக்கு இலாகாவில் குமாஸ்தா உத்தியோகம். 1916 வரையில் 13 ஆண்டுகள் அங்கே பேரேடு எழுதினார். ஜாகை நல்ல தெருவில் அன்று. மிஸ்திரிகளும் கைத்தொழிலாளரும் குடியிருந்த பகுதியில். அங்கேதான் மணம் புரிந்துகொண்டார். அங்கேதான் மனைவியையும் கைக்குழந்தையையும் பிளேக் நோய்க்குப் பறிகொடுத்தார். 1912-இல் குடியிருந்த வீடு தீப்பற்றி எரிந்தது. சேர்த்து வைத்த புத்தகங்களும், தாமே தீட்டிய ஓவியங்களும், 'சரித்ரஹீன்' நாவலின் கையெழுத்துப் பிரதியும் சாம்பலாயின. அந்த நாவலை மறுபடி எழுதினார். 1917-இல் அது புத்தகமாயிற்று.

இதற்கிடையே வேடிக்கை ஒன்றுண்டு. ரங்கூன் புறப்படுமுன் ஒரு கூந்தல் தைலக் கம்பெனி நடத்திய கதைப் போட்டிக்கு மாமா ஒருவர் பெயரில் அவர் அனுப்பி வைத்த 'மந்திர்' என்னும் கதை பரிசு பெற்றது. 1907-இல் 'படதிதி' கல்கத்தாவில் 'பாரதி' பத்திரிகையில் ஆசிரியர் பெயரின்றி வெளிவரத் தொடங்கியபோது, ரவீந்திரநாத தாகூரே புனைபெயர்கூட இல்லாமல் எழுதுகிறார் என்று வாசகர்கள் எண்ணினார்களாம். எழுதியவரோ கடலுக்கு அப்பால் கூட்டல் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காலத்து ரங்கூன் தமிழர்களாலும் நிறைந்த நகரம். செட்டிநாட்டார் கடைகளும் தென்னாட்டுக் கூலிகளின் குடியிருப்புகளும் அங்கே இருந்தன. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர்களின் பேரன்மார் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். 'ஸ்ரீகாந்தன்' இரண்டாம் பாகத்தில் வரும் கப்பல் பிரயாணத்தையும், ரங்கூனில் இறங்குவதற்கு முன் பிரயாணிகளைக் கரந்தீனில் அடைத்து வைத்த கொடுமையையும் படித்தால், அந்தக் கப்பலின் கீழ்த்தட்டில் நம்மவரும் பாய் விரித்திருந்திருப்பர் என்று தோன்றாமல் இராது.

உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியவர் பத்தாண்டுகள் ஹௌராவில் பாஜே சிப்பூரில் வசித்தார். தமக்கை அனிலாதேவியின் புகுந்த ஊர் கோவிந்தபூர் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தமக்கையின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு அவர் கட்டுரை எழுதியதும் உண்டு. அக்காள் இருக்கும் பக்கமாகவே நிலம் வாங்கி, வீடு கட்டி, 1926 வாக்கில் குடிவந்தார். கட்டும்போது அவருக்கு நினைவுக்கு வந்தது பிறந்த தேவானந்தபூர் வீடு அன்று, வளர்ந்த பாகல்பூர் வீடும் அன்று. துன்பப்பட்டுக் குமாஸ்தா வேலை பார்த்த அயலூரின் வீடே நினைவுக்கு வந்தது. இதைப் பற்றி நாங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். ஓய்வு பெற்றபின் கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ வீடு கட்டிய நம் கல்கத்தா நண்பர்கள் சிலர், கதவுக்கு வங்காளத்துப் பச்சை ஜன்னல் சட்டம் வேண்டும் என்று தச்சரிடம் மன்றாடியதும், அவர் கேலி செய்ததும் அப்போதுதான் விளங்கின.

வீட்டுக்குள் அவர் எழுதிய மேஜையும், நாற்காலியும், கட்டிலும், கடிகாரமும், ஹுக்காவும், புத்தகங்களும் இருக்கின்றன. சில அறைகளை வாசற்படியில் நின்றே பார்க்கவேண்டும். தேசபந்து சித்தரஞ்சன் தாஸர் அளித்தது என்று ராதாகிருஷ்ண விக்கிரகம் ஒன்றைக் காட்டுகிறார்கள். சரத் சந்திரர் தேசபந்துவின் அணியில் நின்று 1921 முதல் பல ஆண்டுகள் ஹௌரா ஜில்லாக் காங்கிரஸ் தலைவராக இருந்தவர். ஏழைகளுக்கு அவர் இனாமாக ஹோமியோபதி மருந்து கொடுத்த இடத்தையும் காட்டினார்கள். இவ்வூரில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாவலைச் சொல்வதற்கு முன் மருந்துப் பொட்டலத்தைத்தான் சொல்லுகிறார்கள். எங்களுக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

மேஜைக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு நேரே ஆறு ஓடியதாம். இப்போது ஆற்றைக் காண வயல்வெளி தாண்டி நடக்கவேண்டும். ரூப்நாராயண் தன் போக்கை மாற்றிக்கொண்டு விலகிவிட்டது. விலகிய ஆறு ஒருமுறை திரும்பியும் வந்தது: 1978-ஆம் ஆண்டு வங்காளம் முழுவதும் வெள்ளக்காடானபோது இவ்வீடும் பெருஞ் சேதமுற்றது. பின்னர் அரசாங்கத்தார் பழுதுபார்த்துப் பாரம்பரியக் கட்டிடமாகப் பாதுகாத்து வருகிறார்கள். தோட்டத்தில், ராமகிருஷ்ண மடத்துத் துறவியாயிருந்த இளவல் சுவாமி வேதானந்தரின் சமாதி இருக்கிறது. சரத் சந்திரரின் நினைவுச் சமாதியும் அருகிலேயே. அவர் காலமானது 1938 ஜனவரி 16-ஆம் தேதி கல்கத்தாவில். கடைசி ஆண்டுகளில் அவர் கட்டிக்கொண்ட மற்றொரு வீடு பாலிகஞ்சில் அசுவினி தத்தா சாலையில் இருக்கிறது. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பும் நம் தாய்மார்களுக்கு அது பத்து நிமிஷ நடை!

1926-இல் 'பதேர் தாபி' புத்தகமாக வந்தது. அதுவும் பர்மாவைக் களமாகக் கொண்ட புரட்சிக் கதை. மறு ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆங்கில அரசாங்கம் அதைத் தடை செய்தது. எதிர்ப்புக் குரல் எழுப்ப வேண்டுமென்று தாகூரை வேண்ட, அவர் இணங்கவில்லை. சரத் சந்திரர் மனம் நொந்தார். தடை நீங்கியது 1939-இல்தான். அதைக் காண அவர் உயிரோடு இல்லை. புரட்சிக்காரர் பலர் இரவு நேரத்தில் இவ்வீட்டுக்கு வந்து போனதாக ஊரார் கூறுகிறார்கள்.

வெளியே ஒரு குளமும் ஒரு கொய்யா மரமும் இருக்கின்றன. 'ராமேர் சுமதி' கதையில் சிறுவன் ராமன் கார்த்திக், கணேஷ் என்று பெயரிட்டு மீன் வளர்த்தது இந்தக் குளத்தில்தான் என்றும், அண்ணியின் நெற்றியில் பட்ட கொய்யாக்காய் இந்த மரத்தினுடையது என்றும் வழிகாட்டி சொன்னார். நம் ஒன்பதாம் வகுப்புப் பெண் சும்மா இருப்பாளா? "பாட்டி, அந்தக் கதை 1914-லேயே புத்தகமாகிவிட்டது. அப்போது அவர் ரங்கூனில் இருந்தார். இந்த வீடே இல்லை" என்று தன் பாட்டியின் காதில் சொன்னாள். கணக்கு சரிதான். அந்த அம்மையார் குளத்தைப் பார்த்தபடியே, "வீடு இல்லாவிட்டால் என்னடி? மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லைக் குளத்தில்தான் அந்த மீன் இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்கள்.

பேத்தி திகைத்துப் போனாள். பாட்டி இக்கதையைப் படித்திருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. பாட்டியோ, பள்ளிக்கூடத்தில் பேத்தி படிக்கும் சரத் சந்திரர், தாம் பதினைந்து வயதில் நூல்நிலையத்திலிருந்து அண்ணன் மூலம் வரவழைத்துப் பாதி ராத்திரி விளக்கில் படித்த அதே சரத் சந்திரர்தான் என்பதை யோசித்துப் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் ஒரே அறையில் படுத்துறங்கும் இருவர் அவர்கள். பேத்திக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பாட்டிக்கு வங்காளம் காய்கறிக் கடை அளவுக்கு வரும். அன்று மாலை வண்டி ஏறும்வரை இருவரும் நாராயணியைப் பற்றியும், மீனைச் சமைக்கச் செய்த அந்தத் திகம்பரியைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்கள். "நீ போதி என்கிறாய், எங்கள் புத்தகத்தில் அண்ணி என்றிருந்தது" என்றார் பாட்டி.

இந்த 'அண்ணி' என்ற சொல்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சரத் சந்திரர் தமிழில் இவ்வளவு வேரூன்றியதற்கு, கண்ணீர் வரவழைப்பார் என்பதுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். கண்ணீர் எல்லா மொழியிலும் கிடைக்கும். அவர் கதைகள் கூட்டுக் குடும்பத்தின் உறவுமுறைகளில் நடக்கின்றன. அண்ணன் மனைவிக்கு ஒரு சொல், கணவனின் தம்பிக்கு ஒரு சொல், கணவனின் சகோதரன் மனைவிக்கு ஒரு சொல் என்று வங்காளத்தில் தனித்தனியே உண்டு. தமிழிலும் அண்ணி, கொழுந்தன், ஓரகத்தி என்று நேருக்கு நேர் உண்டு. ஆங்கிலத்தில் அண்ணியும் நாத்தியும் ஓரகத்தியும் எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். கதையில் பாதி அங்கேயே போய்விடும். 'நிஷ்கிருதி' ஓரகத்திகளின் கதை. அதைத் தழுவி 1957-இல் வந்த 'எங்கள் வீட்டு மகாலக்ஷ்மி' படத்தைப் பார்த்தவர்களுக்கு அது வங்காளக் கதை என்று தோன்றவே தோன்றாது. 1953-இல் வந்த 'தேவதாஸ்' படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்தச் சொற்களைத் தேடிப் பொருத்தியவர்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள். அ. கி. ஜயராமன் சரத் சந்திரரைத் தமிழில் கொண்டுவருவதையே தொண்டாகச் செய்தார். 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம் அவருடைய நாவல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். த. நா. குமாரசுவாமி, தாராசங்கரின் 'ஆரோக்கிய நிகேதனம்' முதலியவற்றைத் தந்தார். இவர்களுக்கு எங்கும் நினைவு இல்லம் இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

எட்டயபுரத்தில் பாரதியாருக்குக் கல்கி முயன்று பொதுமக்கள் பணத்தில் எழுந்து 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபத்தை நம்மில் சிலர் பார்த்திருப்பீர்கள். கம்பீரமான மண்டபம். ஆனால் சாம்தாபேரில் பார்த்தது வேறு விதம். அருகிலுள்ள பானித்ராஸ் கிராமத்தில் சரத் சந்திரர் பெயரால் ஒரு நூல்நிலையம் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் அவர் பெயரால் மேளா நடத்துகிறார்கள். வீட்டைப் பூட்டிக் காப்பதோடு கிராமத்தார் நின்றுவிடவில்லை. புத்தகத்தையும் கைக்கெட்டும்படி வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் நம் சங்கக் காரியம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சங்க நூல்நிலையத்தில் ஜன்னலோரம் இருக்கும் மூன்றாம் அலமாரியை அகற்றிவிட்டுக் கேரம் பலகை போடலாம் என்றும், அதிலுள்ள பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை பொதுக்குழுவின் முன் இருக்கிறது. யோசனை சொன்னவர்கள் மேல் குறையில்லை. பதிவேட்டைப் பார்த்தோம், பல ஆண்டுகளாக அவ்வலமாரியிலிருந்து ஒரு புத்தகமும் வெளியே போகவில்லை. தாள் பழுத்து, தொட்டால் உதிர்கிறது. ஆனால் திரும்பி வந்த மறுநாள் நாங்கள் அதைத் திறந்து பார்த்தபோது, உள்ளே இருந்தவை பெரும்பாலும் வங்காள நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளே. இந்நகரத்துக்குப் புதிதாக வந்த நம் முன்னோர், பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், அவர் வீட்டுப் பெண்கள் எதற்கு அழுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று தெரிந்துகொள்ளக் காசு சேர்த்து வாங்கியவை. முதல் பக்கத்தில் நன்கொடையாளர் பெயரும் சம்பளத் தேதியும் மையில் இருக்கின்றன.

நம் குழந்தைகள் அப்புத்தகங்களை எடுத்துப் படிப்பார்கள் என்று நாங்கள் உத்தரவாதம் கொடுக்க மாட்டோம். அவர்களுக்கு மூலமே படிக்க வருகிறது. அது நமக்குப் பெருமைதான். ஆயினும் மேற்படி அம்மையாரும் பேத்தியும் இப்போது ஞாயிறு தோறும் சங்கத்துக்கு வந்து, ஒருவர் வங்காளப் புத்தகத்தையும் மற்றவர் தமிழ்ப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி தகராறு செய்துகொண்டிருக்கிறார்கள். பாட்டியின் புத்தகத்தில் ஒரு பத்தியே விட்டுப்போயிருக்கிறது என்று பேத்தி கண்டுபிடித்தாள். பேத்தி இடறிய ஒரு பழைய சொல்லுக்குப் பாட்டி அர்த்தம் சொன்னார். மூன்றாம் அலமாரி போனால் இத்தகராறு நடக்க இடமில்லை. கேரம் பலகைக்கு வராந்தாவில் இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டோம்.

ஆகவே செயற்குழுவுக்கு எங்கள் விண்ணப்பம் இது. எடைக்குப் போடும் யோசனையை ஓராண்டு ஒத்திவைக்க வேண்டும். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் புத்தகங்களை வெளியே எடுத்து, தூசி தட்டி, எவற்றுக்குப் பைண்டு தேவை என்று பிரிக்கப் போகிறோம். அட்டையும் காலிகோத் துணியும் நாங்கள் வாங்கி வைப்போம். வீட்டில் கோந்து காய்ச்சத் தெரிந்தவர்கள் ஒரு பாத்திரம் கொண்டுவந்தால் உதவியாயிருக்கும். எழுத்து அழகாயிருக்கும் இளைஞர் ஒருவர் முதுகில் பெயர் எழுத வேண்டும். தமிழிலும் வங்காளத்திலும் எழுதக்கூடியவர் கிடைத்தால் இன்னும் நல்லது.